பழியெல்லாம் கறிக்குழம்பு மேல்

என் வீட்டுக்காரர் மேடை ஏறிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை நாள். மில்லுக்குள் சாமியானா போட்டு, சீரியல் லைட் கட்டி, மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. “இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட லீவு போடாத தொழிலாளி, நம்ம வேலுச்சாமி அண்ணாச்சி!” என்று கூப்பிட்டார்கள். நான் பெண்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

சால்வை போட்டார்கள். பரிசாக ஒரு குக்கர் கொடுத்தார்கள். பிறகு மைக்கை அவர் வாய்க்கு நேராகத் திருப்பி, “ரெண்டு வார்த்தை பேசுங்க அண்ணாச்சி” என்றார்கள்.

“எல்லாருக்கும்...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் “எல்லாருக்கும்...” என்றார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

மைக் பிடித்தவர் சிரித்துக்கொண்டே, “அண்ணாச்சிக்கு சந்தோஷத்துல பேச்சே வரல!” என்றார். சாமியானா முழுக்கக் கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

அது சந்தோஷம் இல்லை. அந்த மனிதருக்கு மூச்சு வரவில்லை. ஊரே கூடி அதற்குக் கைதட்டிக்கொண்டிருந்தது.

போன வாரம் எங்கள் கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்த கதையை எழுதியிருந்தேன். சிரித்துச் சிரித்துப் படித்ததாகப் பலர் சொன்னீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதை ஆற வைத்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், ஆறுகிற கோபமாக இது தெரியவில்லை.

குற்றவாளி நான்தான்

கோவில்பட்டியில் ஒரு நூல் மில். அதில் அவருக்கு புளோ ரூமில் வேலை. கட்டுக் கட்டாக வருகிற பஞ்சைப் பிரித்து, உதறி, மிஷினுக்குக் கொடுக்கிற இடம். மில்லிலேயே தூசி அதிகம் பறக்கிற இடம் அது என்பது எனக்கு இப்போது தெரியும்.

அப்போது எனக்குத் தெரிந்தது ஆயுத பூஜை மில் மட்டும்தான். குடும்பத்தை உள்ளே விடுவது வருஷத்தில் அந்த ஒரு நாள். மிஷினெல்லாம் நிறுத்தி, தரையைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழை கட்டியிருப்பார்கள். ஒரு பஞ்சு இழை பறக்காது. “நம்ம வீட்ட விடச் சுத்தமால்லா இருக்கு!” என்று நானே வாய் பிளந்திருக்கிறேன்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துத்தான் தொந்தரவு ஆரம்பித்தது. எங்கள் மில்லுக்கு ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி பாரம், வறட்டு இருமல், மூச்சு இழுப்பு. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை. வியாழக்கிழமை ஆளே மாறிவிடுவார். சனிக்கிழமை சினிமாவுக்குப் போவோமா என்று கேட்பார். திங்கட்கிழமை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மில் டிஸ்பென்சரியில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “நேத்து என்ன சாப்பாடு?”

“கறிக்குழம்பு சார்.”

“அதான் விஷயம். ஞாயித்துக்கிழமை கறியும் எண்ணெயுமா அடிச்சுட்டு வந்தா திங்கக்கிழமை நெஞ்சு அடைக்காம என்ன செய்யும்? வீட்டுல சொல்லி வைங்க. பீடியையும் குறைங்க.”

“எனக்கு பீடிப் பழக்கமே இல்ல சார்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க” என்று ஒரு பாட்டில் டானிக்கை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் சொல்லி வைத்தார். வீடு என்றால் நான். அன்றிலிருந்து என் அடுப்பு குற்றவாளிக் கூண்டில் ஏறியது. முதலில் எண்ணெயைக் குறைத்தேன். பிறகு ஆட்டுக்கறியை விட்டுக் கோழிக்கு வந்தேன். கோழி சூடு என்றார்கள், முட்டைக்கு இறங்கினேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமையும் ரசமும் பருப்புத் துவையலும்தான். மில்லில் சூப்பர்வைசர் வேறு, “என்ன வேலுச்சாமி, வீட்டுல நேத்து பலத்த விருந்தோ?” என்று கேலி செய்வாராம். ரசத்தைக் குடித்துவிட்டு விருந்துக்கான கேலியை வாங்கிக்கொண்டு வருவார்.

எங்கள் கூடவே இருந்த என் கொழுந்தன் கணேசனுக்குத்தான் வயிறு எரியும். “அண்ணனுக்கு நெஞ்சு அடைச்சா நானும் ரசம் குடிக்கணுமா மதினி?” என்பான்.

கறி நின்றது. நெஞ்சடைப்பு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா வந்து வேறு ஒரு துப்பு கொடுத்தார். “ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்காருல்ல, அந்தக் குளுமைதான் நெஞ்சுல இறங்குது.” எண்ணெய்க் குளியலும் போயிற்று. பிறகு தயிர் போயிற்று. வாழைப்பழம் போயிற்று. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தியிருப்போம்.

பஞ்சை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

மருந்து கிடைத்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லில் அவசர வேலை என்று அவரைக் கூப்பிட்டார்கள். தூசி உறிஞ்சுகிற குழாய்களையும் ஃபில்டரையும் கழற்றிச் சுத்தம் செய்கிற வேலை. போய்விட்டு வந்தார். மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் நான் சுக்குக் கஷாயத்தோடு காத்திருக்கிறேன், மனிதர் சைக்கிளில் விசில் அடித்துக்கொண்டு வருகிறார்.

“ஏட்டி, இன்னைக்கு ஒண்ணுமே செய்யல பாத்தியா!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவராகவே கேட்டுப் போனார். அந்தத் திங்கட்கிழமையும் ஒன்றும் இல்லை.

“எனக்கு லீவுதான் சேரல. ஒரு நாள் சும்மா இருந்தா உடம்பு கோவிச்சுக்கிடுது. வேலைக்குப் போயிட்டே இருந்தா ஒரு குறையும் இல்ல” என்றார்.

அவ்வளவுதான். கறிக்குழம்பு அடுப்புக்குத் திரும்பியது, ஆனால் அன்றோடு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனது. பொங்கலுக்குப் போனார், தீபாவளிக்குப் போனார். என் தங்கை கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்கு வந்துவிட்டு, பந்தியில் உட்காராமல் ஷிப்டுக்கு ஓடினார். அவரைப் பார்த்துத் தெருவில் இன்னும் பலர் ஞாயிற்றுக்கிழமை போக ஆரம்பித்தார்கள். ‘வேலுச்சாமி அண்ணாச்சி வைத்தியம்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

மில்லுக்குக் கசக்குமா? லீவே கேட்காத தொழிலாளி, அதுவும் இருப்பதிலேயே தூசி நிறைந்த வேலைக்குத் தானாக வந்து நிற்கிறார்.

திங்கட்கிழமை மட்டும் இருந்த நோய், வாரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி உட்கார்ந்துகொண்டதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கல்யாணமான புதிதில் கழுகுமலையில் எனக்கு முன்னால் ஏறிப்போய் மேலே நின்று கைகாட்டியவர், பிறகு பாதியில் உட்கார்ந்தார். பிறகு, “நீங்க ஏறிட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கிடுதேன்” என்று அடிவாரத்திலேயே நின்றுகொண்டார். வயசாகிறது என்று நினைத்தோம். அப்படி என்ன பெரிய வயசு அவருக்கு?

இருமல் ஒரு செய்தியா?

வெளியூர்க்காரர்கள் கேட்கலாம், இத்தனை வருஷம் ஒரு மனிதர் இருமியிருக்கிறார், உங்களுக்குத் தெரியவில்லையா என்று. எங்கள் பக்கத்தில் இருமாத ஆள்தான் செய்தி. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள் மருந்து வாடையில் இருமுவார்கள். விளாத்திகுளம் பக்கம் மிளகாய் வற்றல் அம்பாரத்தில் வேலை பார்ப்பவர்கள் தும்மித் தும்மி இருமுவார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் புகையில் இருமுவார்கள். கோடைக்காற்று கரிசல் புழுதியைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஊரே இருமும். இதில் ஒரு மில்காரர் இருமலை யார் தனியாக எடுத்துக் கேட்பது?

என் அப்பாவுக்கு விளாத்திகுளம் பக்கத்தில் கொஞ்சம் பருத்திக் காடு இருந்தது. வெயில் ஏறிவிட்டால் செடியில் சருகு நொறுங்கும். பஞ்சை எடுக்கும்போது சருகுத் தூளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கையால் ஆய்ந்து ஆய்ந்து என் விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கும். வியாபாரி வந்து பஞ்சு அடைத்த தாட்டுச் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுப்பார். வெயிலில் பிடித்துப் பிரித்துப் பார்ப்பார். “என்ன அண்ணாச்சி, ஒரே தூசியா இருக்கு?” என்று முகத்தைச் சுளிப்பார். அப்பா கூனிக் குறுகி நிற்பார்.

இப்போது யோசித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பஞ்சில் இருக்கிற தூசி அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். அதே தூசியை ஒரு மனிதன் வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டு நிற்பது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லையாம். மூக்கில் கட்டிக்கொள்ள மில்லில் ஒரு முகமூடி கொடுப்பார்கள். எப்போது தெரியுமா? சோதனைக்கு அதிகாரி வருகிற அன்று. அவர் ஜீப் ஏறியதும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

“எந்தக் கிழமை அதிகமா இருக்கும்?”

அந்த மேடையை விட்டு அவரைக் கணேசன்தான் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தான். கணேசனும் அதே மில்லில் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தார், இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் மூச்சு வாங்கிக் கையைக் கழுவிவிட்டார். மறுநாள் அவர் பேச்சைக் கேட்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டோம்.

புதிதாக வந்திருந்த டாக்டர் அம்மா. சின்ன வயது. முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“எந்தக் கிழமை அதிகமா இருக்கும்?”

“கிழமையெல்லாம் இல்லம்மா. எப்பவும்தான்” என்றார் இவர்.

“முன்னாடியெல்லாம் திங்கக்கிழமை மட்டும் வரும் டாக்டர். நான் ஞாயித்துக்கிழமை கறி வைப்பேன், அதனால” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இவர் வேலை எங்க?”

சொன்னேன்.

“கறிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. இது பஞ்சுத் தூசியால வர்ற நோய். ஒரு நாள் விட்டுட்டுத் திரும்பத் தூசிக்குள்ள போகும்போது நெஞ்சு இறுகும். போகப் போக உடம்பு தாங்கிக்கிற மாதிரி இருக்கும், ஆனா உள்ள கெட்டுக்கிட்டே இருக்கும். அதனாலதான் திங்கட்கிழமை. இங்கிலீஷ்ல அந்தக் கிழமையைச் சொல்லியே இதுக்கு ஒரு பேர் இருக்கு. புத்தகத்துலயே இருக்கும்மா, நாங்க எல்லாரும் படிச்சதுதான்.”

நோய்க்குப் பெயரே திங்கட்கிழமையாம். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் படிப்பார்களாம். அப்படியென்றால் அந்த மில் டாக்டர் எதைப் படித்துவிட்டு வந்து என் கறிக்குழம்பை விசாரித்தார்?

“இவருக்குப் போனது இனிமே திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். தூசிப் பக்கமே போகக் கூடாது” என்றார் டாக்டர்.

அப்போது பின்னால் நின்ற கணேசன் மெல்ல, “டாக்டர், எனக்கும் திங்கக்கிழமைதான்” என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். “என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா கறிய நிப்பாட்டிருவீங்கல்லா மதினி” என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “அண்ணனுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை கிளீனிங்குக்கு நான் வாரேன்னு சொல்லிருக்கேன். போனாச் சரியாயிரும்லா” என்றான்.

டாக்டர் அவனையும் உட்கார வைத்துப் பார்த்தார். “உங்களுக்கு இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. இப்ப வெளிய வந்துட்டா முழுசாத் தப்பிச்சிரலாம். இல்லைன்னா உங்க அண்ணனைப் பார்த்துக்கோங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியம் அவர் பெயரில் இருந்ததல்லவா.

மில் வாசலில் ஒரு குழல்

கணேசனைத் தூசி இல்லாத பகுதிக்கு மாற்றுங்கள் என்று கேட்க மேனேஜரிடம் போனேன். வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. மேனேஜர் சிரித்த முகமாகத்தான் பேசினார்.

“அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் இழுப்புன்னா அது குடும்ப வாகும்மா. மில்லச் சொல்லுதீங்களே, அதுக்கு என்ன ஆதாரம்?”

அதைப் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து கையில் அடங்குகிற பிளாஸ்டிக் குழல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊதினால் அதில் ஒரு முள் ஏறும். நல்ல நெஞ்சென்றால் உயர ஏறும், இறுகின நெஞ்சென்றால் கீழேயே நின்றுவிடும். ஆளுக்கு ஒன்று மாற்றிக்கொள்ள அட்டைக் குழாய்களும் கொடுத்தார். “திங்கட்கிழமை வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஊதச் சொல்லுங்க. முடிச்சு வந்ததும் ஒரு தடவை. அந்தக் கிழமைதான் முக்கியம்” என்றார்.

திங்கட்கிழமை காலையில் மில் வாசல் டீக்கடையில் கணேசனை ஊதச் சொன்னேன். கூட்டம் கூடிவிட்டது. “என்ன மதினி, திருவிழாவுக்கு நாயனம் பழகுதானா?” என்று கேலி. கேலி செய்தவர்களும் வரிசையில் நின்று ஊதினார்கள். யார் முள் உயர ஏறுகிறது என்று பந்தயம் வேறு.

ஷிப்ட் முடிந்து வந்து ஊதியபோது ஒருவரும் கேலி செய்யவில்லை. காலையில் ஏறிய இடத்துக்கு முள் ஏறவே இல்லை. கணேசன் மறுபடி மறுபடி ஊதிப் பார்த்தான். மற்றவர்களுக்கும் அப்படித்தான். பந்தயத்தில் ஜெயித்தவர், குழல் ரிப்பேர் என்று சொல்லி டீக்கடைக்காரரை ஊதச் சொன்னார். அவர் ஊதினார், முள் நன்றாக ஏறியது.

அன்றைக்கு ராத்திரிச் சமையலை விட்டுவிட்டுத் தெருப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். அப்போதுதான் தெரிந்தது, கூண்டில் ஏறியது என் அடுப்பு மட்டும் இல்லை. ஒருத்தி கருவாட்டை விட்டிருந்தாள். ஒருத்தி புருஷனை மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி, “நான் வந்த ராசிதான் இப்படின்னு எங்க மாமியார் சொல்லுதாக” என்று அழுதாள். மில்லுக்குள் பறந்த தூசிக்கு வீட்டுக்குள் இருந்த நாங்கள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தோம்.

இலவச முகாம்

அந்த வாரமே மேனேஜர் காரில் எங்கள் தெருவுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை. என் வீட்டுக்காரர் எழுந்து நிற்கப் பார்த்தார், “நீங்க உக்காருங்க வேலுச்சாமி” என்று தோளைத் தட்டினார். கணேசன் சுவரோரமாக நின்றான்.

“உங்களுக்கு இனி அலைச்சலே வேண்டாம்மா. மில்லுக்குள்ளயே இலவச மருத்துவ முகாம் வைக்கோம். வெளியூர்ல இருந்து பெரிய டாக்டர்ங்க வாராங்க. எல்லாரையும் ஊத வெச்சே பாத்துருவாங்க. மத்தியானம் பிரியாணி. ஒருத்தருக்காவது குறை இருந்தா வேற வேலைக்கு மாத்துதோம், சரியா?”

எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. “என்னைக்கு சார்?” என்றேன்.

“வார சனிக்கிழமை.”

“திங்கக்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் வைங்க சார்.”

“திங்கக்கிழமை தோதுப்படாதும்மா.”

“அடுத்த வாரத் திங்கக்கிழமை வைங்க. இல்ல அதுக்கு அடுத்தது.”

“வெள்ளி, சனி, ஞாயிறு, என்னைக்குன்னாலும் சொல்லுங்க, வெச்சிருவோம். திங்கக்கிழமை மட்டும் கேக்காதீங்க.”

“ஏன் சார்?”

அவர் போனை எடுத்துப் பார்த்தார், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு எழுந்தார். கார் தெருமுனை திரும்பியது.

“மதினி, திங்கக்கிழமைதான் முள் ஏறாதுன்னு அப்பம் இவியளுக்குத் தெரியும்” என்றான் கணேசன். “அண்ணன ஞாயித்துக்கிழமை வேலைக்குச் சேக்கும்போதே இவியளுக்குத் தெரியும். நான் இனிமே அங்கன கால வைக்க மாட்டேன். செங்கல் சுமந்தாவது பிழைச்சுக்கிடுதேன்.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சோறு போட்ட மில்லை ஒரு வார்த்தை சொல்ல விடாத மனிதர். ஏதாவது சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்தார். ஆப்பிள் பையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே, தெருவில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

அந்த வாசல் வரை போய்வந்ததற்கே, கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்க நின்றார்.